லைட்டு எரிஞ்சா ஓ2 சென்சார்தான் போச்சுன்னு யாரு சொன்னா?

கடலூர், பாண்டி பக்கம் கார் வச்சிருக்கவங்க நாலு பேர்கிட்ட பேசிப்பாருங்க, ஒருத்தராவது இந்தக் கதையைச் சொல்லுவாரு: மீட்டர்ல மஞ்சள் கலர் இன்ஜின் பொம்மை லைட் எரிஞ்சுது, ஒர்க்‌ஷாப் போனேன், ஸ்கேனர் போட்டாங்க, ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுன்னாங்க, காசு குடுத்து மாத்தினேன், கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு, திரும்பவும் அதே லைட்டு. உடனே "டூப்ளிகேட் சாமானைப் போட்டு ஏமாத்திட்டான்"னு சந்தேகம் வரும். சில சமயம் அது உண்மையாவும் இருக்கும். ஆனா நிறைய கேஸ்ல புதுசா போட்டதும் நல்ல சென்சார்தான், கழட்டிக் குப்பையில போட்டதும் நல்ல சென்சார்தான். கரண்ட் பில்லு ஜாஸ்தியா வந்துச்சுன்னு மீட்டரைக் கழட்டி மாத்துற கதை இது, உள்ள ஃப்ரிட்ஜ் கரண்ட்டை இழுத்துக்கிட்டே இருக்கும்.

இங்க பேசுறது பெட்ரோல் வண்டி பத்தி மட்டும், டீசல்ல இந்தக் கணக்கு வேற.

முதல்ல அந்த சாமான் என்ன வேலை பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கணும், அது தெரியாம மாத்துறது பத்திப் பேசிப் பிரயோஜனம் இல்ல. சைலன்சர் பைப்புல, இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற வழியில, ஸ்பார்க் பிளக்கை விட கொஞ்சம் பெருசா ஒண்ணு மரை போட்டு இறுக்கியிருக்கும், பின்னாடி வால் மாதிரி வயர் தொங்கும், அதுதான். அதோட மூக்குப் பக்கம் ஓட்டை ஓட்டையா ஒரு இரும்புக் கவசம், அதுக்குள்ள சிர்கோனியான்ற ஒரு வகை பீங்கான். பீங்கானோட வெளிப்பக்கம் புகை படும், உள்பக்கம் வெளிக்காத்து படும். வெளிக்காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம், புகையில ரொம்பக் கம்மி. பீங்கான் 300 டிகிரிக்கு மேல சூடானதும் இந்த ரெண்டு பக்கத்துக்கும் இருக்குற ஆக்சிஜன் வித்தியாசத்தை வச்சு அதுவே சொந்தமா ஒரு சின்ன வோல்டேஜ் தயார் பண்ணும். புகையில ஆக்சிஜன் மிச்சமே இல்லன்னா, அதாவது பெட்ரோல் ஜாஸ்தியாப் போகுதுன்னா, 0.9 வோல்ட் கிட்ட. ஆக்சிஜன் மிச்சம் இருந்தா, அதாவது பெட்ரோல் பத்தலன்னா, 0.1 வோல்ட் கிட்ட. நடுவுல 0.45. அவ்வளவுதான் அதோட பாஷை.

1976ல பாஷ் கம்பெனி இதைத் தயார் பண்ணி வால்வோ கார்ல போட்டாங்க, அமெரிக்காவுல, குறிப்பா கலிஃபோர்னியாவுல புகைச் சட்டம் இறுக்கினதால. சட்டத்துக்கும் இந்த சாமானுக்கும் என்ன சம்பந்தம்னா, சைலன்சர்ல இருக்குற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒரே நேரத்துல ரெண்டு எதிரெதிர் வேலை செய்யணும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் ஆக்சிஜன் சேர்த்து எரிக்கணும், நைட்ரஜன் ஆக்சைடுலேர்ந்து ஆக்சிஜனைப் பிடுங்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்கணும்னா காத்து பெட்ரோல் கலவை ஒரு மெல்லிய கோட்டு மேலயே நிக்கணும், எடைக் கணக்குல 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். இதைத்தான் லாம்டா 1னு சொல்றாங்க. கார்புரேட்டரால அந்தக் கோட்டுல நிக்க முடியாது. அதனால சென்சார் நொடிக்கு நொடி ஜாஸ்தி, கம்மின்னு சொல்லிக்கிட்டே இருக்க, ஈசியு, அதாவது இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர், பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே இருக்கும்.

நம்ம நாட்டுல இது மெதுவாதான் வந்துச்சு. 1995ல நாலு பெருநகரத்துல மட்டும் கன்வெர்ட்டர் வச்ச கார், ஈயம் இல்லாத பெட்ரோல். நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் ஆனது 2000 பிப்ரவரி 1லேர்ந்து. ஈயம் பட்டா சென்சாரும் சாகும் கன்வெர்ட்டரும் சாகும், அதனால அதுக்கு முன்னாடி எல்லா ஊர்லயும் இதைப் போடவே வழியில்ல. 2013லேர்ந்து ஓபிடி 2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்காணிக்கிற முறை, வந்ததும் கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சென்சார் சாதாரணமாச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்ததோட ஸ்கூட்டர், பைக்குல கூட இது வந்துடுச்சு, மரை சைஸ்தான் சின்னது.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்த சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது. ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். எல்லாக் குழப்பமும் இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.

உதாரணத்துக்கு ஒரு சிலிண்டர்ல பிளக் சரியா அடிக்கலன்னு வைங்க. உள்ள போன பெட்ரோலும் எரியல, காத்தும் எரியல, ரெண்டும் அப்படியே சைலன்சருக்கு வரும். பைப்புக்குள்ள பச்சைப் பெட்ரோல் ஆவி ஓடுது, ஆனா சென்சார் கண்ணுக்குத் தெரியறது எரியாத ஆக்சிஜன் மட்டும்தான், அதனால "பெட்ரோல் பத்தல"ன்னு சொல்லும். ஈசியு அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊத்தும். மைலேஜ் விழும், சைலன்சர் முனை கருப்பாகும், போதாக்குறைக்கு எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு உள்ள இருக்குற தேன்கூட்டையே உருக்கிடும். ஸ்கேனர்ல பார்த்தா "லீன்", அதாவது பெட்ரோல் கம்மின்னு எர்ரர் கோடு. பார்க்குறவர் சென்சார்னு முடிவு பண்ணிடுவாரு. தப்பு பண்ணது நூத்துச் சொச்ச ரூபா பிளக்கு.

இதை விட நம்ம பக்கம் அடிக்கடி பார்க்குறது சைலன்சர் லீக். எங்க தெருவுல ஒரு வாத்தியார் கார், லைட் எரியுதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டாரு, பி0171னு கோடு, அதாவது அதே லீன் புகார், முன் சென்சாரை மாத்திட்டாங்க, திரும்பவும் அதே கோடு. காலையில அவரு வண்டி எடுக்கும்போது தள்ளி நின்னு கேட்டா "டிக் டிக் டிக்"னு ஒரு சத்தம், ரெண்டு மூணு நிமிஷத்துல காணாமப் போயிடும். அவரு டேப்பட் சத்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு. பானட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா எல்லா சிலிண்டர் புகையும் வந்து சேர்ற மேனிஃபோல்டு, பைப்போட சேர்ற இடத்துல பேக்கிங் ஓரமா கரித் தடம், மை சிந்தின மாதிரி ஒரு கறை. அதுதான் ஆதாரம். இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்த இடுக்கு திறந்திருக்கும், சூடானதும் இரும்பு விரிஞ்சு கொஞ்சம் மூடிக்கும், அதனாலதான் சத்தம் போயிடுது, லீக் முழுசா போகல.

"லீக் இருந்தா புகை வெளியதானே போகும் சார், சென்சாருக்கு என்ன?"னு கூட இருந்த பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். புகை பைப்புல ஒரே சீரா போறதில்ல, துடிச்சுத் துடிச்சுத்தான் போகும், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல பைப்புக்குள்ள ஒரு சின்ன வெற்றிடம் உண்டாகும், அப்போ அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ள உறிஞ்சப்படும். வெளிக்காத்துல 21 சதவீதம் ஆக்சிஜன். சென்சார் அதைப் பார்த்துட்டு பெட்ரோல் பத்தலங்குது. அது பொய் சொல்லல, அதுக்கு முன்னாடி வந்தது அதுதான். பேக்கிங் மாத்தி, துருப்பிடிச்ச ரெண்டு நட்டையும் மாத்தினதும் அந்த பி0171 கோடு திரும்ப வரல. கழட்டிப் போட்ட பழைய சென்சாரை அவரு கேட்டு வாங்கி வச்சிருக்காரு, அது வேற கதை.

இப்போ கோடு பத்தி. ஸ்கேனர் சொல்ற நம்பர் தீர்ப்பு இல்ல, புகார். யார்மேல புகார்னு நல்லாப் படிக்கணும். பி0135, பி0141 ரெண்டும் சென்சாருக்குள்ள இருக்குற ஹீட்டர் சம்பந்தப்பட்டது, முன்னது முன் சென்சார், பின்னது பின் சென்சார். இதுல முதல்ல பார்க்க வேண்டியது ஃபியூஸ், ஹீட்டருக்கு 12 வோல்ட் ஃபியூஸ் வழியாத்தான் வருது, அது போயிருந்தா சென்சார் எத்தனை மாத்தினாலும் லைட் எரியும். ஃபியூஸ் நல்லா இருந்தா கப்ளரை, அதாவது வயர் சேர்ற கனெக்டரைக் கழட்டி, சென்சார் பக்கம் இருக்குற ஒரே கலர் ரெண்டு வயருக்கு நடுவுல மல்டிமீட்டர் வைங்க. ஆறின நிலையில பெரும்பாலும் ரெண்டு ஓம்லேர்ந்து பதினஞ்சு ஓம்குள்ள ஏதோ ஒண்ணு காட்டும், சரியான கணக்கு வண்டி மேனுவல்ல இருக்கும். ஓப்பன்னு காட்டினா ஹீட்டர் உள்ள அறுந்து போச்சு, அப்போ தாராளமா மாத்தலாம், அதுல சந்தேகமே வேணாம். பி0133 வந்தா சென்சார் சோம்பேறி ஆயிடுச்சு, பதில் சொல்ல நேரம் எடுக்குதுன்னு அர்த்தம், வயசான சென்சார்ல இது உண்மையா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா லீக் இருந்தாலும் வரும். பி0171, பி0172 ரெண்டும் சென்சார் மேல புகாரே கிடையாது, கலவை சரியில்லன்னு சென்சார் குடுத்த புகார், முன்னது பெட்ரோல் பத்தல, பின்னது பெட்ரோல் ஜாஸ்தி. இதுக்குப் போய் சென்சாரை மாத்துறதுதான் எனக்கு ஆத்திரமா வரும். பி0420 அதை விட மோசம், கன்வெர்ட்டர் வேலை செய்யலன்னு பின் சென்சார் சொல்லுது, உடனே பின் சென்சாரை மாத்திடுறாங்க.

பின் சென்சாரோட வேலை கண்காணிப்பு. நல்ல கன்வெர்ட்டரா இருந்தா உள்ளுக்குள்ள ஆக்சிஜனைச் சேர்த்து வச்சுக்கிட்டு செலவழிக்கும், அதனால பின்னாடி வர்ற புகையில ஏத்த இறக்கம் இருக்காது, பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டுன்னு ஒரே இடத்துல சோம்பலா நிக்கும். முன் சென்சார் 0.1க்கும் 0.9க்கும் நடுவுல குதிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்கேனர்ல லைவ் டேட்டா போட்டு, இன்ஜின் நல்லா சூடானப்புறம், 2,500 ஆர்பிஎம் பிடிச்சுக்கிட்டு ரெண்டு சென்சாரோட கிராஃபையும் சேர்த்துப் பார்த்தீங்கன்னா விஷயம் புரிஞ்சுடும். பின்னதும் முன்னது மாதிரியே குதிச்சா கன்வெர்ட்டர் காலி. முன்னது குதிக்காம ஒரே இடத்துல நின்னா அப்போதான் அந்த சென்சாரை சந்தேகப்படணும். இதுக்கு ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு போனும் போதும். ஒரு விஷயம் கவனிக்கணும், புது வண்டிகள் சிலதுல முன்னாடி இருக்குறது வைட்பேண்ட் சென்சார், அஞ்சு வயரோ ஆறு வயரோ இருக்கும், அது இந்த மாதிரி வோல்ட்ல குதிக்காது, கரண்ட் கணக்குல பேசும், அதுல இந்த 0.1, 0.9 கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு நல்ல சென்சாரைக் கழட்டிடாதீங்க.

சென்சாரை நேரடியா சோதிக்க ஒரு வழி இருக்கு. வண்டி ஓடும்போது ஏர் ஃபில்டருக்கு அப்புறம் இருக்குற ஒரு சின்ன வேக்கம் ஹோஸை ஒரு நொடி கழட்டினா கணக்கில வராத காத்து உள்ள போகும், சென்சார் டக்குனு கீழ 0.1க்கு இறங்கணும். திரும்ப மாட்டிட்டு ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிச்சா சட்டுனு மேல ஏறணும். ரெண்டுக்கும் சரியா பதில் சொன்னா அந்த சென்சார் நல்லவன், அவன் சொல்ற புகாரைப் போய் விசாரிங்க.

நம்ம ஊருக்குன்னே சில விஷயம் இருக்கு. தேவனாம்பட்டினம், தாழங்குடா, முதுநகர் பக்கம் வண்டி நிறுத்துறவங்களுக்கும், ஈசிஆர்ல தினமும் பாண்டி போயிட்டு வர்றவங்களுக்கும் உப்புக்காத்து சும்மா விடாது. துறைமுகத்துலேர்ந்து மீன் ஏத்திக்கிட்டு போற வண்டியிலேர்ந்து ஐஸ் தண்ணி ரோட்டுல வடிஞ்சுக்கிட்டே போகும், அது உப்புத் தண்ணி, பின்னாடி போற நம்ம வண்டி அடிப்பக்கம் பூரா தெளிக்கும். பின் சென்சார் கார் அடியில இருக்குறதால அதோட கப்ளர்ல முதல்ல பச்சைப் பூசணம் ஏறும். வோல்டேஜே ஒரு வோல்ட்டுக்குள்ள இருக்குற சமாச்சாரம், கப்ளருக்குள்ள ஊசி மாதிரி இருக்குற பின்னுல லேசா பச்சை ஏறினாலே சிக்னல் கெட்டுப் போகும். கப்ளரைக் கழட்டி, சுத்தம் பண்ணி, பின் இறுக்கமா இருக்கான்னு பார்த்து மாட்டினாலே லைட் போன கேஸ் நிறைய உண்டு.

மழை வேற. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை ஏறினப்போ பாண்டியில ஒரே நாள்ல 48 செ.மீ. கிட்ட மழை, அதுக்கு அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர் பக்கம் ஊருக்குள்ள புகுந்துச்சு. அப்போ தண்ணில நின்ன வண்டிகள்ல சீட்டு, கார்பெட் எல்லாம் காய வச்சு, ஆயில் மாத்தி ஓட்டிட்டாங்க, சென்சார் கப்ளரை யாரும் திறந்து பார்க்கல. இன்னொண்ணு, ஓடிக்கிட்டு இருக்குற வண்டியில பீங்கான் பல நூறு டிகிரி சூட்டுல இருக்கும், அந்த நேரத்துல அது மேல தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். இதுக்குப் பயந்துதான் ஈசியுவே காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஹீட்டரை முழுசா போடாம, பைப்புக்குள்ள வேர்த்து நிக்கிற தண்ணி காயட்டும்னு காத்திருக்கும். மஞ்சக்குப்பத்துலேர்ந்து திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்து நிறுத்துறது, திரும்பவும் சாயந்தரம் அதே தூரம்னு ஓட்டுற வண்டியில அந்தத் தண்ணி காயவே காயாது, பைப்பு உள்ளேர்ந்தே துருப்பிடிக்கும், சென்சார் மேல கரி படிஞ்சுக்கிட்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை சிதம்பரம் பக்கமோ மரக்காணம் பக்கமோ நல்லா ஓட்டிட்டு வந்தா அந்தக் கரி தானா எரிஞ்சுடும்.

எலியைச் சொல்லாம விட்டா தப்பு. அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சதும் எலியெல்லாம் வீட்டுப்பக்கம் வரும், பானட்டுக்குள்ள சூடா இருக்குற இடத்துல குடித்தனம் போடும், சென்சார் வயர் அதுக்கு ரொம்பப் பிடிக்கும் போல. கோடு பார்த்துட்டு சென்சார் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வயரைக் கையால தடவிக்கிட்டே கடைசி வரைக்கும் போய்ப் பாருங்க.

பெட்ரோல் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பாண்டியில பெட்ரோல் விலை கம்மிங்குறதால கடலூர்க்காரங்க பாதிப்பேர் பாலத்தைத் தாண்டி கன்னியக்கோவில், முள்ளோடைப் பக்கம் போய்த்தான் டேங்க்கை ரொப்புவாங்க. சென்சார் கோடு வந்ததும் "பாண்டி பெட்ரோல் போட்டீங்களா, அதான்"னு ஒரு பேச்சு வரும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, விலை கம்மியா இருக்குறது வரியால, சரக்கு அதே கம்பெனி சரக்குதான். எத்தனால் கலப்பு வேணா நிஜமான காரணம், அது ரெண்டு பக்கமும் உண்டு. சுத்தமான எத்தனாலுக்கு 9 பங்கு காத்து போதும், 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு சுமார் 13.5. அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தணும். சென்சார் மிச்ச ஆக்சிஜனைப் பார்த்தே வேலை செய்யறதால இதைத் தானா கண்டுபிடிச்சு ஈசியுவைக் கூட்ட வைக்கும், அதனால பழைய வண்டியில லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம், அதாவது ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைச்சிருக்குன்ற கணக்கு, அஞ்சு, ஏழு சதவீதம் பிளஸ்ல காட்டினா பதறாதீங்க. சென்சார் ஒழுங்கா வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். பத்தைத் தாண்டி ஏறிக்கிட்டே போனாத்தான் லீக்கு, பம்பு, இன்ஜெக்டர்னு தேடணும்.

இவ்வளவு சொன்னதால சென்சாரே போகாதுன்னு நினைச்சுக்காதீங்க. ஹீட்டர் வச்ச சென்சார் ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் பக்கம் வரைக்கும் வரும், ஹீட்டர் இல்லாத பழைய ஒத்தை வயர் வகை அதுல பாதி கூட வராது. ஆனா வயசாகிச் சாகுறதை விட விஷம் வச்சுச் சாகுறதுதான் அதிகம். கழட்டினதும் அந்த மூக்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அது நிறைய சொல்லும். மண் நிறத்துல, லேசான சாம்பல் கலர்ல இருந்தா அது சாதாரணமா உழைச்ச சென்சார். கரிப்பொடியா கருப்பா இருந்தா கலவை ஜாஸ்தி. ஈரமா, எண்ணெய்ப் பிசுக்கோட கருப்பா இருந்தா இன்ஜின் ஆயில் குடிக்குது, ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கு. வெள்ளையா, மினுமினுன்னு பவுடர் பூசின மாதிரி இருந்தா சிலிகான், யாரோ பேக்கிங் போட்ட இடத்துல சாதா சிலிகான் கம்மை அள்ளிப் பூசியிருக்காங்க, அது ஆவியாகி சென்சார் ஓட்டையெல்லாம் அடைச்சிடும். கூலன்ட் உள்ள லீக் ஆனாலும் வெள்ளைப் படிவம் வரும். இந்த வெள்ளைப் படிவத்தையெல்லாம் பெட்ரோல்ல ஊற வச்சோ, ஆசிட்ல கழுவியோ, கேஸ் அடுப்புல காட்டியோ திரும்ப எடுக்க முடியாது, அப்படிச் செஞ்சு காட்டுற வீடியோவை நம்பி நேரத்தை வீணாக்காதீங்க. காரணத்தைச் சரி பண்ணாம புதுசு போட்டா புதுசும் அதே மாதிரி சாகும்.

மாத்துறதுன்னு முடிவாச்சுன்னா, புது சென்சார் கையில வந்தப்புறம்தான் பழசுல கை வைக்கணும். கப்ளர் ஒத்துப்போகுதா, வயர் நீளம் சரியா, முன்னாடி உள்ளதா பின்னாடி உள்ளதான்னு பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நீளம் மாறும். பாஷ், டென்சோ, என்டிகேன்னு வண்டிக்கு எது கம்பெனியிலேர்ந்து வந்துச்சோ அதையே வாங்குறது நல்லது. வயரை வெட்டி ஒட்டிக்கிற யுனிவர்சல் டைப் வேணாம்னுதான் சொல்லுவேன், வேற வழியில்லாம போட்டா கிரிம்ப் பண்ணுங்க, அதாவது வயரை நசுக்கி இணைங்க, சால்டர் பண்ணக்கூடாது. காரணம் இருக்கு: நிறைய சென்சார்ல உள்பக்கத்துக்குத் தேவையான வெளிக்காத்து அந்த வயர் இழைகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளி வழியாத்தான் போகுது. ஈயம் வச்சு அடைச்சா மூச்சு போச்சு. கப்ளருக்குள்ள சிலிகான் ஸ்ப்ரே, கிரீஸ் அடிக்கக்கூடாதுங்குறதும் இதனாலதான்.

கழட்டுறது நம்ம ஊர்ல தனி கலை. கடலை விட்டுத் தள்ளி இருக்குற ஊர்ல அஞ்சு நிமிஷ வேலை, இங்க உப்புத் துரு ஏறி மரையும் மரையும் ஒண்ணாயிருக்கும். முதல் நாள் சாயந்தரமே இன்ஜின் நல்லா ஆறினப்புறம் மரை ஓரத்துல துரு இளக்குற ஆயில் அடிச்சு விடுங்க, சூடான பைப்புல அடிச்சா தீப்பிடிக்கும், விளையாட்டு இல்ல. காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ஓட விட்டு, கை சுடாத ஆனா வெதுவெதுப்பா இருக்குற நிலையில அணைச்சுட்டு கழட்டினா மரை கொஞ்சம் இளகியிருக்கும். தொடறதுக்கு முன்னாடி கிளவுஸ் போடுங்க. 22 எம்எம் ஸ்பேனர், ஆனா சாதா ஓப்பன் ஸ்பேனரால வலுக்கட்டாயம் பண்ணாதீங்க, ஆறு பட்டையும் மழுங்கிடும், அப்புறம் லேத்துக்காரர்தான் கதி. பக்கத்துல வெட்டு விட்ட ஓ2 சென்சார் சாக்கெட்டுன்னே கிடைக்குது, வயர் அந்த வெட்டு வழியா வெளிய வந்துடும். அது இல்லன்னா ஒரு வழி இருக்கு, பழசு எப்படியும் குப்பைதானே, வயரை ஒட்ட வெட்டிட்டு ரிங் ஸ்பேனரோ முழு சாக்கெட்டோ போட்டு ஆறு பட்டையையும் பிடிச்சுத் திருப்புங்க, இது எல்லாத்தையும் விட உறுதியான பிடி.

முதல்ல ஒரு துளி இறுக்குற பக்கம் அசைச்சுட்டு அப்புறம் லூஸ் பண்ணுங்க. கிறீச்சுன்னு சத்தத்தோட கால் சுத்து வந்து நின்னா பலம் காட்டாதீங்க, திரும்ப உள்ள இறுக்கி, ஆயில் விட்டு, திரும்ப வெளிய, முன்னும் பின்னுமா கொண்டு வாங்க. அவசரப்பட்டு இழுத்தா சென்சாரோட சேர்ந்து பைப்புல உள்ள மரையும் சுருள் சுருளா வந்துடும். அப்படி வந்தாலும் உலகம் முடிஞ்சுடல, பெரும்பாலான கார்ல 18 எம்எம், 1.5 பிட்ச் மரை, அந்த சைஸ் மரை வெட்டுற டேப் போட்டு சுத்தம் பண்ணிப் பார்க்கலாம், அதுக்கும் மேல போனா பழைய மரை வளையத்தை வெட்டி எடுத்துட்டு புதுசு வெல்டிங் வைக்கலாம், ஆனா வெல்டிங் வைக்கிறவர்கிட்ட பேட்டரி வயரைக் கழட்டச் சொல்லிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க.

புதுசைப் போடும்போது அந்த மூக்கு முனையைக் கையால தொடாதீங்க, கீழ விழுந்த சென்சாரைப் போடாதீங்க, வெளிய பார்க்க ஒண்ணும் தெரியாது, உள்ள பீங்கான் விரிசல் விட்டிருக்கும். நிறைய சென்சார் மரையில கம்பெனியே, மரை இறுகி ஒட்டிக்காம இருக்க, ஆன்டி சீஸ் பசை தடவி அனுப்பும், இல்லன்னா மரையில மட்டும் லேசா தடவுங்க, முனையில பட்டா அங்கேயே கெட்டுது. கையாலயே முழுசா உள்ள போகணும், கோணலா பிடிச்சா நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிங்க. கடைசி இறுக்கு 40லேர்ந்து 50 நியூட்டன் மீட்டர் அளவுல. சென்சாரை இறுக்கினப்புறம்தான் கப்ளரை மாட்டணும், முன்னாடியே மாட்டிட்டுத் திருப்பினா வயர் முறுக்கிக்கும். வயரை அது இருந்த கிளிப்புலயே திரும்ப மாட்டுங்க, மாட்டாம தொங்க விட்டு அது சைலன்சர் மேல பட்டு உருகி ஷார்ட் ஆகி, புது சென்சாரும் சேர்ந்து போச்சுன்னு வர்ற வண்டி இருக்கு.

இதுக்கு நடுவுல ஒரு குறுக்கு வழி யாராவது சொல்லுவாங்க. "சார், பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டு வெளிய இழுத்துடலாம், லைட் வராது", இல்லன்னா "கன்வெர்ட்டரையே எடுத்துட்டு வெறும் பைப்பு போட்டுடலாம், பிக்கப் சும்மா பிச்சுக்கும்". கன்வெர்ட்டர்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு தங்கத்துக்கு நிகரான உலோகம் இருக்கு, கழட்டினது எங்க போகுதுன்னு அப்போவே யோசிக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)ல புகை விதி மீறினா 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. அதை விடுங்க, பின்னாடி பைக்குல குழந்தையை வச்சுக்கிட்டு வர்றவன் மூச்சுல போறது நம்ம கார்பன் மோனாக்சைடு.

போட்டு முடிச்சதும் கோடை அழிச்சுட்டு, வீட்டு வாசல்லயே ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பார்த்துட்டு "லைட் போச்சு"ன்னு சந்தோஷப்படாதீங்க. அழிச்சா லைட் போகத்தான் செய்யும். ஈசியு தன்னோட சோதனையெல்லாம் திரும்ப நடத்தி முடிக்கணும், அதுக்கு ஆறின ஸ்டார்ட், கொஞ்சம் ஐடிலிங், ஒரே வேகத்துல ஹைவே ஓட்டம் எல்லாம் கலந்து வேணும். ஸ்கேனர் ஆப்புல ரெடினஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஆக்சிஜன் சென்சார், கேட்டலிஸ்ட் ரெண்டும் முடிஞ்சதுன்னு காட்டுற வரைக்கும் வேலை முடியல. அது முடிஞ்சப்புறம் பியுசி, அதாவது புகை சர்டிபிகேட் எடுக்கப் போங்க. பிஎஸ் 4, பிஎஸ் 6 பெட்ரோல் காருக்கு அங்க ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 2,500 ஆர்பிஎம்ல 0.2, லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவுல. நிறைய சென்டர்ல சும்மா கம்பியை நுழைச்சுட்டு பிரின்ட் எடுத்துக் குடுத்துடுவாங்க, நீங்க "லாம்டா எவ்வளவு வந்துச்சு தம்பி, ஆர்பிஎம் ஏத்திப் பாருங்க"ன்னு கேட்டு நில்லுங்க. அந்தச் சீட்டுல லாம்டா 1 கிட்ட வந்திருந்தா, நீங்க காசு குடுத்துப் போட்ட சென்சார் வேலையைப் பார்க்குது.